பின்கோடு, டிஜிபின், மூன்று சொற்கள்: இடத்தைச் சுட்டும் முறைகள் எங்கே வேறுபடுகின்றன?

இந்திய அஞ்சல் துறை 2025 மே 27 அன்று டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றன. பின்கோடுக்கு விடை கொடுக்கப்பட்டுவிட்டது என்பது போன்ற தலைப்புகள் அதையொட்டிப் பரவின. பின்கோடு இனி செல்லாதா, ஆதார் அட்டையில் முகவரியைத் திருத்த வேண்டுமா, கூகுள் மேப்பில் கூட்டல் குறியுடன் தெரியும் குறியீடும் இதுவும் ஒன்றா என்ற மூன்று கேள்விகளே அதிகம் கேட்கப்படுகின்றன. மூன்றுக்கும் விடை 'இல்லை' என்பதுதான். ஏன் இல்லை என்பதை அறிய, முகவரி என்று நாம் அழைப்பது என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு முகவரிக்குள் நான்கு வேலைகள்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போகும் கடித உறையை எடுத்துப் பார்க்கலாம். பெயர், அதன்கீழ் 'த/பெ' என்று தந்தையின் பெயர், கதவு எண், மேலத்தெரு, ஊர், 'அஞ்சல்' என்று ஒரு பெயர், 'வழி' என்று இன்னொரு பெயர், வட்டம், மாவட்டம், ஆறு இலக்க எண் என்று அது நீளும். இந்த வரிகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

1. இடத்தைக் காட்டுவது. கதவு எண், தெரு, ஊர் ஆகியவை பூமியின் மேல் ஒரு புள்ளியை நோக்கி நம்மைக் கொண்டு செல்கின்றன.

2. பாதையைச் சொல்வது. 'அஞ்சல்' என்பது கடிதத்தைக் கையில் கொடுக்கப்போகும் அலுவலகம்; 'வழி' என்பது பை எந்த ஊரின் மூலம் அங்கே போய்ச் சேரும் என்பது. வீட்டுக்காரருக்கு இவை தேவையே இல்லை. கடிதத்தைச் சுமப்பவருக்காகவே எழுதப்படுபவை.

3. ஆளை அடையாளம் காட்டுவது. ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் இருக்கும்போது, 'த/பெ' என்ற வரிதான் உரியவரிடம் கடிதத்தைச் சேர்க்கிறது. நகரத்தில் இந்த வேலையை அடுக்குமாடியின் தளமும் வீட்டு எண்ணும் செய்கின்றன.

4. சான்றாக நிற்பது. வங்கி, வாக்காளர் பட்டியல், நீதிமன்ற அழைப்பாணை, ரேஷன் அட்டை ஆகிய எல்லாவற்றிலும் முகவரி என்பது 'இவர் இங்கே குடியிருக்கிறார்' என்று யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் கூற்று.

புதிதாக வரும் எந்தக் குறியீட்டு முறையும் இந்த நான்கில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதாகப் பாவனை செய்கிறது என்று கேட்டுவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிஜிபின் முதல் வேலையை மட்டும் செய்கிறது. அதையும் மிக நுட்பமாகச் செய்கிறது. பின்கோடு இரண்டாவது வேலைக்காகப் பிறந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

பெயரும் எண்ணும்: பழைய முறைகள்

வீடுகளுக்கு எண் போடும் வழக்கம் தபாலுக்காக மட்டும் தோன்றியதன்று. ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசாவின் ஆட்சியில் 1770இல் வியன்னாவில் வீடுகளுக்கு எண் இடப்பட்டது படைக்கு ஆள் எடுப்பதற்காகவே. தெருவாரியாக அல்லாமல் ஊர் முழுவதற்கும் தொடர்ச்சியாக எண் கொடுக்கப்பட்டதால், இடையில் புது வீடு முளைக்கும்போதெல்லாம் வரிசை குலைந்தது. 1862இல் தெருவாரி எண்களுக்கு மாறினார்கள். பாரிஸ் 1805இல் வகுத்த முறை இன்னும் நிற்கிறது. அங்கே தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. சேன் ஆற்றுக்கு இணையான தெருக்களில் ஆறு ஓடும் திசையில் எண் ஏறும், குறுக்குத் தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கி ஏறும். ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்தவருக்கு எண்ணே திசையும் சொல்லிவிடும்.

தெருவுக்குப் பெயர் இல்லாமல் முகவரி இருக்க முடியுமா என்பதற்கு ஜப்பான் விடை. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. பெயரும் எண்ணும் தெருக்கள் சூழ்ந்த மனைத்தொகுதிக்குத்தான். தெரு என்பது இரண்டு தொகுதிகளுக்கு இடையில் விடப்பட்ட வெற்றிடம். 1962இல் இயற்றப்பட்ட சட்டம் தொகுதியைச் சுற்றி வரிசையாக எண்ணிட வழிசெய்தது. ஆனால் கியோட்டோவில் இன்றும் இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையைச் சொல்லி, அங்கிருந்து 'மேலே ஏறி' என்றால் வடக்கு, 'கீழே இறங்கி' என்றால் தெற்கு என்று எழுதும் முறையும் வழக்கில் இருக்கிறது. 'பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து வடக்கே நாலாவது வீடு' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது.

நம்மூர் முறை இவற்றின் கலவை. மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத் தெரு என்பவை ஊரின் நடுவிலிருந்து பார்த்த திசைப் பெயர்கள். ஊருக்குள் அவை துல்லியமானவை, ஊரைவிட்டு வெளியே போனால் ஆயிரம் ஊர்களில் உள்ள பொதுப் பெயர்கள். சென்னையில் சிக்கல் வேறு வகை. மாநகராட்சி எண்களைத் திருத்தியபோது பழைய எண் மறையவில்லை. பத்திரத்திலும் மின்கட்டண அட்டையிலும் பழையது, வரி ரசீதில் புதியது என்று இரண்டும் நிலைத்துவிட்டதால், 'புதிய எண் 14, பழைய எண் 32' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அண்ணா சாலை என்று பெயர்ப்பலகை சொன்னாலும் வாய் மவுண்ட் ரோடு என்றே சொல்கிறது. மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் முகவரியை ஆணையால் மாற்றினால் பெரும்பாலும் பழையதன்மேல் புதியது ஓர் அடுக்காகச் சேருகிறதே ஒழிய, பழையது போவதில்லை. டிஜிபினுக்கும் இதுவே நடக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

நிலத்துக்கு இன்னொரு முறை தனியே ஓடிக்கொண்டிருக்கிறது. கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று பட்டாவிலும் புலப்படத்திலும் இருப்பது மனையின் எல்லையைச் சொல்கிறது; வாசலைச் சொல்வதில்லை. சர்வே எண்ணை வைத்துப் பத்திரம் பதியலாம், பார்சல் கொடுக்க முடியாது.

பின்கோடு சுட்டுவது இடத்தை அன்று, அலுவலகத்தை

1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதை வகுத்தவர். ஒரே பெயருள்ள ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட உறைகள், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் ஆகியவற்றால் கடிதம் பிரிப்பவர்கள் திணறியதே காரணம். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய பகுதி. 9 ராணுவ அஞ்சலுக்கு. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தையும் (கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக அஞ்சல் துறை வகுத்த பகுதி), கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அலுவலகத்தையும் குறிக்கும். 613001 என்று எழுதினால் தஞ்சாவூர்ப் பிரிப்பு மாவட்டத்தின் ஒரு பட்டுவாடா அலுவலகத்தைச் சொல்கிறோம். அங்கிருந்து எந்தத் தபால்காரர் சுற்றிவரும் பகுதியில் அந்த வீடு வருகிறது என்பது அலுவலகத்துக்குள் தெரிந்த செய்தி.

ஆகவே 'என் பின்கோடின் எல்லை எது' என்ற கேள்விக்கு வரைபடத்தில் கோடு போட்டு விடை சொல்வது கடினம். அந்த அலுவலகத்துத் தபால்காரர்கள் எங்கெல்லாம் போகிறார்களோ அதுவே எல்லை. ஒரு பின்கோடுக்குள் ஒரு நகர்ப் பகுதியும் அடங்கலாம், பல கிராமங்களும் அடங்கலாம். விநியோக நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இதை நிலப்பரப்பாகக் கருதி விலையும் சேவையும் நிர்ணயிப்பது, அதற்கென்று செய்யப்படாத வேலையை அதன் தலையில் ஏற்றுவதாகும்.

சிங்கப்பூர் வேறு முடிவு எடுத்தது. 1995இல் அங்கே வந்த ஆறு இலக்க எண் கட்டடம்வாரியானது. டாக்சி ஓட்டுநரிடம் ஆறு இலக்கத்தைச் சொன்னால் கட்டடத்தின் முன் நிறுத்திவிடுவார். சிறிய நகர நாடு, எல்லாக் கட்டடமும் பதிவில் இருக்கிறது என்ற இரண்டு வசதிகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

கட்டம் போட்டு எண்ணுவது: டிஜிபின் கணக்கு

கட்ட முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அட்சரேகையும் தீர்க்கரேகையும். ஓர் அட்சரேகைப் பாகை சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர், ஐந்து எழுதினால் சுமார் 1.1 மீட்டர் நுட்பம் கிடைக்கும். குறை என்னவென்றால் அது நினைவில் நிற்காது, தொலைபேசியில் சொல்ல நீளம், இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டால் வேறு நாட்டுக்குப் போய்விடும். டிஜிபின், கூகுள் மேப்பில் கூட்டல் குறியுடன் தெரியும் பிளஸ் கோடு போன்றவை இதே இரண்டு எண்களைச் சுருக்கி எழுதும் வழிகள். அவற்றில் புதிய தகவல் எதுவும் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலை அட்சரேகை 10.7828, தீர்க்கரேகை 79.1318 என்று வைத்துக்கொண்டு டிஜிபினைக் கையால் கணக்கிடலாம்.

1. முதலில் இந்தியாவைச் சுற்றி ஒரு பெட்டி. அட்சரேகை 2.5 முதல் 38.5 வரை, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5 வரை, இருபுறமும் 36 பாகை. இதை நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் 9 பாகை, அதாவது ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர்.

2. பதினாறு கட்டங்களுக்கும் பதினாறு குறிகள். மேலிருந்து கீழாக, மேற்கிலிருந்து கிழக்காக: முதல் வரிசை எஃப், சி, 9, 8, இரண்டாவது ஜே, 3, 2, 7, மூன்றாவது கே, 4, 5, 6, நான்காவது எல், எம், பி, டி. தாறுமாறாகத் தெரிந்தாலும் இதில் ஒழுங்கு உண்டு: நடுவில் உள்ள 2இல் தொடங்கி 3, 4, 5 என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்தால் நத்தைக் கூடுபோல வெளிப்பக்கம் சுழன்று டியில் முடியும். அடுத்தடுத்த குறிகள் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கட்டும் என்பதற்காக இந்தச் சுருள்.

3. தஞ்சை அடி வரிசையில், மேற்கிலிருந்து இரண்டாவது கட்டத்தில் விழுகிறது: எம்.

4. அந்தக் கட்டத்தை மீண்டும் பதினாறாக்கினால் ஒவ்வொன்றும் 2.25 பாகை. கோயில் மேல் வரிசை, மூன்றாவது: 9. அதற்குள் இன்னொரு முறை பிரித்தால் இரண்டாம் வரிசை, நான்காவது: 7.

5. இப்படிப் பத்து முறை. முடிவில் கிடைப்பது எம்97-7எஃப்2-5ஜே63. கடைசிக் கட்டத்தின் பக்கம் 3.8 மீட்டர், வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அகலம் இன்னும் கொஞ்சம் குறையும்.

பதினாறைப் பத்து முறை பெருக்கினால் சுமார் 1.1 லட்சம் கோடி கட்டங்கள். கடல் பரப்புக்கும் குறியீடு உண்டு. மீன்பிடிப் படகுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் பயன்படட்டும் என்பது நோக்கம். பெட்டிக்குள் விழுவதால் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும்கூட இந்தக் கணக்கு ஒரு விடை தரும், இலங்கை இந்த முறையைக் கேட்கவில்லை என்றாலும். கணக்குக்கு எல்லைக்கோடு தெரியாது.

உள்நாட்டிலும் அப்படித்தான். முதல் பிரிவில் ஒரு கோடு அட்சரேகை 11.5இல் தமிழ்நாட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அதற்கு வடக்கே உள்ள சென்னை, சேலம், கடலூர் நகரங்களின் குறியீடு 4இல் தொடங்கும். தெற்கே உள்ள ஈரோடு, சிதம்பரம், தஞ்சாவூர் எம்மில் தொடங்கும். கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டம்; பின்கோடில் 607001, 608001 என்று உறவு கண்ணுக்குத் தெரிகிறது, டிஜிபினில் தெரியாது. 'ஒரே மாதிரித் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறது' என்பது சரி. 'வேறாகத் தொடங்கினால் தொலைவில் இருக்கிறது' என்பது தவறு. கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வயல்களின் குறியீட்டில் முதல் எழுத்திலிருந்தே வேறுபாடு வந்துவிடும். குறியீட்டின் முன்பகுதியை வைத்து வட்டாரங்களைப் பிரிக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள்.

பிளஸ் கோடு என்பது கூகுளின் பொறியாளர்கள் 2014இல் வெளியிட்ட முறை. கொள்கை அதேதான், பெட்டி உலகம் முழுவதுக்கும், குறிகள் இருபது. பத்து எழுத்துக்குப் பக்கம் 14 மீட்டர் அளவுக் கட்டம் கிடைக்கும். பதினோராவது எழுத்தைச் சேர்த்தால் 3 மீட்டர் அளவு. இதன் சாமர்த்தியம், முதல் நான்கு எழுத்தை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லலாம் என்பதில் இருக்கிறது. மேலே எடுத்த அதே புள்ளி 'க்யூ4எம்ஜே+4பி, தஞ்சாவூர்' ஆகிறது. நினைவில் வைக்க ஆறு குறிதான். மீதியை ஊர்ப்பெயர் சுமக்கிறது. என் கணிப்பில் இந்த ஓர் ஏற்பாடு, கட்டத்தின் அளவு மூன்று மீட்டரா நாலு மீட்டரா என்ற விவாதத்தைவிட முக்கியமானது. மனிதர்கள் இடத்தை ஊர்ப்பெயரோடுதான் நினைக்கிறார்கள். டிஜிபின் அதற்கு இடம் வைக்கவில்லை.

ஓர் எழுத்து தவறினால்

ஒரு முறையின் தரத்தை அது சரியாக எழுதப்படும்போது எவ்வளவு நுட்பம் என்பதைக் கொண்டு அளப்பதே வழக்கம். தவறாக எழுதப்படும்போது என்ன ஆகிறது என்பதைக் கொண்டு அளப்பதே சரி என்று படுகிறது. பெரிய கோயிலின் குறியீட்டையே சோதிக்கலாம்.

1. முதல் எழுத்து எம் என்பதை எல் என்று காதில் வாங்கினால், இடம் 9 பாகை மேற்கே நகர்ந்து லட்சத்தீவையும் தாண்டி அரபிக்கடலில் விழும். இது பெரும்பிழை, ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

2. கடைசி எழுத்து மாறினால் சில மீட்டர்தான் விலகும். கேடில்லை.

3. ஆறாவது எழுத்தான 2ஐ 3 என்று எழுதிவிட்டால், இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் மேற்கே போகும். அங்கும் வீடுகள் இருக்கும், தெரு இருக்கும். எதுவும் தவறாகத் தோன்றாது. ஆம்புலன்ஸ் போய் நின்ற பிறகுதான் தெரியும்.

ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் பிழையானால் கணினி உடனே மறுத்துவிடும். டிஜிபினிலும் பிளஸ் கோடிலும் அப்படி ஒன்று இல்லை. எந்தப் பிழையும் இன்னொரு செல்லுபடியாகும் இடமாகவே மாறும். சாதாரண முகவரியில் தெருவின் பெயரும் பின்கோடும் ஊரும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பின்கோடில் ஓர் இலக்கம் பிசகினாலும் ஊர்ப்பெயரைப் பார்த்துத் தபால்காரர்கள் திருத்திவிடுகிறார்கள். மிகையாகத் தோன்றும் அந்த வரிகளே பாதுகாப்பு. டிஜிபினை முகவரியோடு சேர்த்து எழுத வேண்டும், தனியாக எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

டிஜிபினுக்குக் குறிகளைத் தேர்ந்ததில் கவனம் தெரிகிறது. பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும், ஒன்றையும் ஐ எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதிருக்க அவை விடப்பட்டன. ஆங்கில உயிரெழுத்துகள் இல்லாததால் தற்செயலாகக் கெட்ட சொல் எதுவும் அமையாது. தமிழ்ப் பேச்சுக்கு ஒரு கூடுதல் நன்மை, திட்டமிட்டதோ தற்செயலோ, கிடைத்திருக்கிறது. ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் எழுதினால் 'பி'தான். நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் 'டி'தான். பேச்சிலும் பலருக்கு அவை ஒன்றே. டிஜிபினில் ஒவ்வோர் இணையிலும் வல்லொலி எழுத்து மட்டுமே இருப்பதால் 'எந்தப் பி' என்ற கேள்வி எழாது. எல், எம், எஃப் மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும் தொல்லை மட்டும் மிச்சம்.

கருவியின் பிழையும் இதில் சேரும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் இடமறிதல் சுமார் 5 மீட்டர் வரை விலகலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சந்துகளில் இன்னும் அதிகம். கட்டமோ 4 மீட்டருக்கும் குறைவு. ஒரே வாசல்படியில் காலையில் நின்று எடுத்த குறியீடும் மாலையில் நின்று எடுத்த குறியீடும் வேறாக இருப்பது பழுதல்ல, எதிர்பார்க்க வேண்டியதே. 'எங்கள் வீட்டின் டிஜிபின்' என்று ஒன்றைச் சொல்வதற்குப் பதிலாக, வீட்டின் மேல் விழும் பல கட்டங்களில் வாயிற்கதவு இருக்கும் கட்டத்தை வரைபடத்தில் பார்த்துத் தேர்ந்துகொள்கிறோம் என்பதே உண்மை நிலை.

சொற்களால் சுட்டுவது

லண்டனில் 2013இல் தொடங்கப்பட்ட வாட்3வேர்ட்ஸ் நிறுவனம் உலகை 3 மீட்டர் கட்டங்களாக, மொத்தம் 57 லட்சம் கோடியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைக் கொடுத்தது. 40,000 சொற்கள் இருந்தால் மூன்று சொற்களின் சேர்க்கை 64 லட்சம் கோடி என்பதால் கணக்கு நிறைகிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் பட்டியல் உண்டு; ஒரு மொழியின் சொற்கள் மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல, வேறு மூன்று சொற்கள்.

எண்ணைவிடச் சொல் நினைவில் நிற்கும் என்பது மறுக்க முடியாதது. அடுத்த கட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத சொற்கள் வரும்படி அமைத்ததால், சிறு பிழை தொலைவான இடத்தைக் காட்டித் தன்னைத் தானே வெளிப்படுத்தும் என்பது அவர்கள் வாதம். அனுபவம் அவ்வளவு நேர்த்தியாக இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்புக் குழுக்களின் அமைப்பு, 12 மாதங்களில் தங்களுக்குத் தரப்பட்ட 45 இடங்கள் தவறாக இருந்ததாக 2021இல் தெரிவித்தது. ஒலி ஒற்றுமை, எழுத்துக்கூட்டல், பன்மை விகுதி ஆகியவை இந்த முறைக்கு இயல்பான எதிரிகள். ல, ள, ழ மூன்றும் பல வாய்களில் ஒன்றாகிவிடும் தமிழில் சொல்பட்டியல் செய்பவருக்கு வேலை இரட்டிப்பு.

அதைவிடப் பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. டிஜிபினின் கணக்கை மேலே கையால் போட்டுப் பார்க்க முடிந்தது. பிளஸ் கோடின் கணக்கும் திறந்த உரிமத்தில் உள்ளது. மூன்று சொற்களை இடமாக மாற்றும் பட்டியல் ஒரு நிறுவனத்தின் உடைமை. ஒரு நாட்டின் அவசர சேவை அதை நம்பினால், அந்த நிறுவனத்தின் விலையையும் ஆயுளையும் சேர்த்தே நம்புகிறது. முகவரித் தரவு தனியார் கைக்குப் போவது கற்பனை இல்லை. பிரிட்டனில் 2013இல் ராயல் மெயில் தனியார்மயமானபோது நாட்டின் அஞ்சல் முகவரிக் கோப்பும் அதனுடனேயே போனது. அதைத் திரும்ப உருவாக்குவது பற்றிய விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

அயர்லாந்து எதிர்த்திசையில் போனது

அயர்லாந்து 2015 ஜூலையில் ஏர்கோடு என்ற ஏழு எழுத்து முறையைக் கொண்டுவந்தது. அங்கே கிராமப்புறத்தில் ஒரே ஊர்ப்பெயரின்கீழ் எண்ணும் தெருவும் இல்லாமல் பல வீடுகள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முகவரிகள் தனித்தன்மை அற்றவை. கடிதம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அங்குள்ள தபால்காரருக்குக் குடும்பங்கள் தெரியும் என்பதுதான். தீர்வாக அவர்கள் நிலத்துக்குக் கட்டம் போடவில்லை. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு குறியீடு என்று பட்டியலிட்டார்கள். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. முதல் மூன்று எழுத்து வட்டாரம்; கடைசி நான்கு வேண்டுமென்றே வரிசையில்லாதவை. பக்கத்து வீட்டின் குறியீட்டிலிருந்து உங்கள் குறியீட்டை ஊகிக்க முடியாது.

கணக்கிட்டுப் பெறுவது டிஜிபின். பட்டியலில் தேடிப் பெறுவது ஏர்கோடு. இதிலிருந்து எல்லாம் கிளைக்கிறது. பட்டியலில் இல்லாத வயலுக்கும் காட்டுப் பாதைக்கும் ஏர்கோடு இல்லை, டிஜிபின் உண்டு. பத்து மாடிக் கட்டடத்தின் நூறு வீடுகளுக்கு நூறு ஏர்கோடு உண்டு. டிஜிபினில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பத்து வீட்டுக்கும் ஒரே குறியீடுதான், ஏனென்றால் அதற்கு உயரம் தெரியாது. பட்டியலை யாராவது நாள்தோறும் பராமரிக்க வேண்டும், கணக்குக்குப் பராமரிப்பு இல்லை. பட்டியலில் பிழையான குறியீட்டைக் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும், கணக்கில் பிடிக்க முடியாது.

நமக்கு இனி என்ன

அஞ்சல் துறையின் ஆவணங்கள் டிஜிபினை முகவரியின் மேல் சேர்க்கும் ஓர் அடுக்காகவே விவரிக்கின்றன. அஞ்சல் முகவரியும் பின்கோடும் அப்படியே தொடரும். குறியீட்டுக்குள் பெயரோ வேறு தனிப்பட்ட விவரமோ இல்லை. ஆனால் அது யாருடைய பெயரோடும் சேர்த்து எழுதப்பட்ட கணத்தில் தனிப்பட்ட விவரமாகிவிடுகிறது. தெருப்பெயர் துல்லியமில்லாததால் தந்த பாதுகாப்பை 4 மீட்டர்க் கட்டம் தராது. வீட்டு விளம்பரத்திலோ சமூக ஊடகத்திலோ பத்து எழுத்தையும் போடுவது வாயிற்கதவைக் காட்டுவதற்குச் சமம். அக்கம்பக்கத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் முதல் ஆறு எழுத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் அளவுக் கட்டத்தை மட்டும் சொன்னதாகும்.

பெயரோடு இணைக்கும் வேலைக்கு வேறு திட்டம் பேசப்படுகிறது. துருவா என்ற பெயரில் அஞ்சல் துறை 2025இல் முன்வைத்த கொள்கை, யு.பி.ஐ. முகவரியைப் போன்ற ஒரு சிறு பெயரைக் கொடுத்து, அதன் பின்னால் முழு முகவரியையும் டிஜிபினையும் வைத்து, உரியவரின் இசைவோடு மட்டும் பிறருக்குக் காட்டுவதைப் பற்றியது. மேலே சொன்ன நான்கு வேலைகளில் மூன்றாவதும் நான்காவதும் அங்கேதான் வருகின்றன. சட்டமும் தரவுப் பாதுகாப்பும் கேட்கும் கேள்விகள் எல்லாம் துருவாவைப் பற்றியவை. டிஜிபினைப் பற்றியவை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் 'அரசு நம் வீட்டுக்கு எண் ஒட்டுகிறது' என்ற அச்சம் பரவுகிறது.

டிஜிபின் உடனடியாகப் பயன்படக்கூடிய இடங்கள் தெருவும் கதவு எண்ணும் இல்லாத இடங்களே: வயல் நடுவில் உள்ள பம்ப்செட்டுக்கு மின்வாரியத்தாரை அழைப்பது, மலைக் குக்கிராமத்துக்கு 108 வண்டியை வரவழைப்பது, வெள்ளத்தில் மொட்டைமாடியில் நிற்பவர்களைப் படகுக்காரருக்குச் சொல்வது. அப்போது பத்து எழுத்தைச் சொல்லிவிட்டு, கூடவே ஊர்ப்பெயரையும் கண்ணில் படும் கோயிலையோ தண்ணீர்த் தொட்டியையோ சொல்ல வேண்டும். உறையில் எழுதுவதானால் மூன்று, மூன்று, நான்கு என்று கோடிட்டுப் பிரித்து எழுதுவதும், அடுக்குமாடியாக இருந்தால் தளத்தையும் வீட்டு எண்ணையும் விடாமல் எழுதுவதும், பின்கோடை அதன் வழக்கமான இடத்திலேயே வைப்பதும் போதும். ஆதாரிலோ வங்கியிலோ இதற்காக மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.